படகு ஏறவில்லை, வண்டி இறங்குகிறது

பிள்ளைகளே, ஒரு கணக்கோடு தொடங்குவோம்.

ஃபைபரில் செய்த படகு ஒன்று. நீளம் 6 மீட்டர். பின்னால் மாட்டிய எஞ்சினையும் சேர்த்து எடை 900 கிலோ. இரண்டு சக்கர டிரெய்லர் மேல் உட்கார்ந்தபடி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது. கிரேன் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். அவர்களிடம் இருப்பவை ஜாக்கியும் மரக்கட்டைகளும்தான். மாலைக்குள் படகைக் கட்டைகள் மேல் நிறுத்திவிட்டு, அடியிலிருந்து டிரெய்லரை உருவி எடுத்தாக வேண்டும். முடியுமா?

முடியும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடா என்று ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் இடம் அது. மேல்முனையில் ஆற்று நீர், வாய்ப்பக்கம் கடல் நீர், நடுவில் இரண்டும் கலந்த உவர்நீர். அதன் கரையோர ஊர்களில் பல வீடுகளில் காருக்குப் பக்கத்திலேயே படகும் நிற்கும். குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றி வைப்பார்கள். வசந்தம் பிறந்ததும் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்துத் திரும்பவும் நீரில் இறக்குவார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரிய வார்களைக் கட்டித் தூக்கித் தருவார்கள். அதற்குக் கூலி உண்டு. அதனால் வீட்டு வாசலிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் படகைத் தூக்குவதே இல்லை! அந்த 900 கிலோ முழுதாக ஒரு கணம்கூட ஒரு மனிதரின் கைக்கு வருவதில்லை. படகு கொஞ்சம் சாய்கிறது, கொஞ்சம் நிமிர்கிறது. பிறகு வண்டிதான் கீழே இறங்கி நழுவிப் போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

அதற்குமுன் ஒரு கேள்வி வரும். டிரெய்லர் மேல் இருக்கும்போதே பெயின்ட் அடித்தால் என்ன? அடிக்கலாம், ஆனால் முழுதாக அடிக்க முடியாது. டிரெய்லரில் கம்பளம் போர்த்திய இரண்டு நீண்ட பலகைகள் இருக்கும். படகின் அடிவயிறு அவற்றின் மேல்தான் படுத்திருக்கும். தாங்குபலகை என்று அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், அந்த இரண்டு பட்டைகளிலும் தூரிகை நுழையாது. அவ்வளவு சின்ன இடம் விட்டுப்போனால் என்ன ஆகிவிடும்? அந்த இடத்தைத் தேடி வருகிற ஓர் உயிரைப் பற்றிக் கேட்டால், 'ஐயோ, விடக்கூடாது' என்று நீங்களே சொல்வீர்கள்.

அதன் பெயர் பார்னக்கிள். தமிழில் கொட்டலசு என்பார்கள். பாறையிலும் துறைமுகத் தூண்களிலும் எரிமலை வடிவில் கூர்கூராக ஒட்டிக்கொண்டிருக்குமே, வெறுங்காலால் மிதித்தால் கிழித்துவிடுமே, அதுதான். ஓட்டைப் பார்த்து இதைச் சிப்பி, நத்தை இனம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. சார்லஸ் டார்வின் இந்த ஒரே உயிரினக் கூட்டத்தை ஆராய 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் செலவிட்டார்.

கொட்டலசின் குஞ்சு நீரில் நீந்தும். வளர்ச்சியின் கடைசிப் படியில் அது எதையும் தின்னாது. அதற்கு இருப்பது ஒரே வேலை: வீடு தேடுவது. தலையில் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளையே கால்களாக்கி, படகின் அடிப்பரப்பில் ஓர் அடி வைக்கும், நிற்கும், மோப்பம் பிடிக்கும், இன்னோர் அடி வைக்கும். தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் இடமாக இருந்தால் அதற்கு இன்னும் பிடிக்கும். ஏனென்றால் ஒட்டிய பிறகு நகர முடியாது. அக்கம்பக்கத்தில் இணை இருந்தால்தான் இனம் பெருகும். இடம் பிடித்துவிட்டால் தலைகீழாக நின்று, நெற்றிப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். நாம் கடையில் வாங்கும் பசைகளில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒட்டாது. இதன் பசையோ நீருக்கு அடியிலேயே இறுகிவிடும். பிறகு சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகளால் கோட்டை கட்டிக்கொண்டு, மேல்வாசல் வழியே இறகு போன்ற ஆறு ஜோடிக் கால்களை நீட்டி, நீரில் மிதக்கும் நுண்ணிய உணவை வாரி வாரி உள்ளே தள்ளும். தலையால் ஒட்டி, காலால் சாப்பிடும் வாழ்க்கை!

ஒன்று இரண்டு ஒட்டினால் பரவாயில்லை. ஒரு கோடைக்காலம் முழுக்க நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகில் ஆயிரக்கணக்கில் ஒட்டும். அவற்றோடு பாசியும் வழுவழுப்பும் சேரும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய அடிப்பரப்பு சொரசொரப்பாகிவிட்டால் நீரின் இழுவை கூடும். அதே வேகத்துக்கு அதிக எரிபொருள் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் பயணம் முடிந்ததும் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் படகுக்கு, கொட்டலசை விரட்டும் இந்தப் பெயின்ட் தேவையே இல்லை. காய்ந்தால் கொட்டலசுக் குஞ்சு செத்துப்போகும். நம் கடற்கரையில் கட்டுமரத்தைக் கடலிலிருந்து வந்ததும் மணலில் ஏற்றி, மரங்களைப் பிரித்து உலர வைக்கும் வழக்கம் இருந்ததே, அங்கேயும் இந்த அறிவியல் வேலை செய்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் பெயின்ட் என்னும் காவல் வேண்டும்.

சரி, வாசலுக்கு வருவோம்.

மாட்டுவண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் அச்சு, அச்சின் இரு முனையிலும் சக்கரம், முன்னால் நீண்டு போகும் ஏர்க்கால். வைக்கோலோ மூட்டையோ ஏற்றும்போது வண்டிக்காரர் 'முன்பாரம்', 'பின்பாரம்' என்று சொல்லிச் சொல்லிச் சரிபார்ப்பார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். படகு டிரெய்லரும் அதே அமைப்புதான். மாட்டுக்குப் பதில் கார். அதனால் டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பத்தையும் ஏர்க்கால் என்றே அழைப்போம். காரிலிருந்து கழற்றிவிட்டால் அதைத் தாங்குவதற்கு அடியில் கைப்பிடி சுற்றும் ஜாக்கி ஒன்று இருக்கும்.

நம் படகின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். படகின் பின்பலகையிலிருந்து அளக்கிறோம். டிரெய்லரின் அச்சு 1.9 மீட்டரில் இருக்கிறது. படகின் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய புள்ளி, 2.3 மீட்டரில் இருக்கிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால்தான் அது நடுவுக்கு வராமல் பின்தள்ளி நிற்கிறது. ஏர்க்காலின் ஜாக்கி 6.9 மீட்டரில், அதாவது அச்சுக்கு 5 மீட்டர் முன்னால். டிரெய்லரின் சொந்த எடையைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

இப்போது ஏர்க்காலில் எவ்வளவு எடை? ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னால் இருக்கிறது. 900-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 360. பள்ளியில் திருப்புத்திறன் என்று படிப்பீர்களே, அது இதுதான்: எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. ஜாக்கி 5 மீட்டர் தள்ளி நிற்கிறது. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72. ஆக, 900 கிலோவில் 828 கிலோவைச் சக்கரங்கள் சுமக்கின்றன. ஜாக்கிக்கு வருவது வெறும் 72 கிலோ! படகை அசைக்க நினைக்கிறவர் தொட வேண்டிய இடம் எது என்று இப்போது தெரிகிறதா?

முதல் வேலை, இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டு, காரைக் கழற்றுவது. சக்கரம் உருண்டால் எல்லாம் போச்சு. பிறகு படகை டிரெய்லரோடு பிணைத்திருக்கும் பின்பக்க வார்களை அவிழ்க்கிறார்கள். அடுத்து ஜாக்கியைச் சுற்றி ஏர்க்காலைக் கீழே இறக்குகிறார்கள். ஏர்க்கால் இறங்கினால், அச்சுக்குப் பின்னால் இருக்கும் பகுதி மேலே ஏறும். ஏர்க்கால் பக்கம் 5 மீட்டர், பின்பக்கம் 1.9 மீட்டர். அதனால் ஏர்க்கால் 30 சென்டிமீட்டர் இறங்கும்போது படகின் பின்பலகை 11 சென்டிமீட்டர் சொச்சம் உயர்கிறது. டிரெய்லர் முழுவதுமே ஒரு பெரிய நெம்புகோலாகிவிட்டது. சக்கரத்தின் அச்சுதான் அதன் ஆதாரப் புள்ளி.

உயர்ந்து நிற்கும் பின்பலகையின் இரண்டு மூலைகளுக்கும் அடியில் இப்போது கட்டைகளை அடுக்குகிறார்கள். ஒரு வரிசை நெடுக்கு, அதன்மேல் ஒரு வரிசை குறுக்கு, மறுபடி நெடுக்கு. இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு விரியாது, சாயாது. உச்சியில் ஒரு பலகையும் மடித்த கம்பளமும். மிச்சமிருக்கும் சின்ன இடைவெளியை ஆப்பு அடித்து இறுக்குகிறார்கள்.

அடுத்த கட்டத்தைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஜாக்கியை எதிர்ப்பக்கம் சுற்றி ஏர்க்காலை மெல்ல உயர்த்துகிறார்கள். டிரெய்லரின் பின்பக்கம் இறங்கத் தொடங்குகிறது. படகின் பின்பக்கமும் கூடவே இறங்கப் பார்க்கிறது, கட்டை விடவில்லை. கட்டைகளிலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். ஈரக் கம்பளம் படகின் அடியைவிட்டு உரிகிறது. பலகைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிகிறது. முதலில் தாள் நுழையும் அளவு, பிறகு அளவுகோல் நுழையும் அளவு. சென்ற ஆண்டு படகைக் கரையேற்றியபோது பலகையில் நசுங்கிய கொட்டலசுகளின் ஓட்டுத்தூள், காய்ந்த வெள்ளைப் பொடியாக அந்த இடைவெளியிலிருந்து உதிர்கிறது. எந்தத் தூரிகையும் நுழையாமல் இருந்த இடம் இதோ வெளியே வந்துவிட்டது!

இங்கே எடையின் பங்கீடு மாறுவதைக் கவனியுங்கள். படகின் பின்பக்கம் கட்டைகள் மேல். முன்பக்கம் தாங்குபலகைகளின் முன்முனை மேல். அது பின்பலகையிலிருந்து 4.5 மீட்டரில் இருக்கிறது. 900-ஐ 2.3-ஆல் பெருக்கி 4.5-ஆல் வகுத்தால் 460. அதாவது முன்பக்கம் 460 கிலோ, பின்கட்டைகளில் மீதி 440 கிலோ. அந்த 460 கிலோ டிரெய்லரின் அச்சுக்கு 2.6 மீட்டர் முன்னால் அமுக்குகிறது. ஏர்க்காலில் அது எவ்வளவாகத் தெரியும்? 460 பெருக்கல் 2.6, வகுத்தல் 5. ஏறத்தாழ 240 கிலோ. சற்றுமுன் 72 கிலோவைச் சுமந்த ஜாக்கி இப்போது மூன்று மடங்குக்கு மேல் சுமக்கிறது. இதைத் தெரியாமல் சின்ன ஜாக்கியை வைப்பது ஆபத்து. வேலையில் இறங்குமுன் காகிதத்தில் கணக்குப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

240 கிலோவை ஒருவர் எப்படிச் சுற்றி உயர்த்துகிறார்? ஜாக்கிக்குள் ஒரு திருகு இருக்கிறது. கைப்பிடி சுமார் 16 சென்டிமீட்டர் நீளம் என்றால், ஒரு சுற்றில் உங்கள் கை கிட்டத்தட்ட 1 மீட்டர் தூரம் போகிறது. அந்த ஒரு சுற்றுக்கு ஏர்க்கால் 5 மில்லிமீட்டர் உயர்வதாக வைத்துக்கொள்வோம். கை போகும் தூரம் 200 மடங்கு. அதனால் தேவைப்படும் விசை, உராய்வே இல்லாவிட்டால், 200-இல் ஒரு பங்கு. தூரத்தைக் கொடுத்து விசையை மிச்சம் பிடிக்கிறோம். ஆனால் உராய்வு உண்டு. இந்த வகைத் திருகுகளில் நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். வீண் என்று நினைக்காதீர்கள். அந்த உராய்வுதான், கையை எடுத்துவிட்டாலும் கைப்பிடி தானாகப் பின்னோக்கிச் சுழலாமல் காக்கிறது. பாதியைத் தின்றுவிட்டுப் பாதுகாப்பைத் திருப்பித் தருகிறது.

ஏர்க்கால் சமநிலைக்கு வந்து, அதற்கு மேலும் 30 சென்டிமீட்டர் உயர்கிறது. படகின் முன்பக்கத்தை அணியம் என்போம். அணியம் வானத்தைப் பார்க்கிறது. இப்போது அணியத்துக்குக் கீழே, படகின் நடுக்கோட்டில் ஓடும் கெட்டியான முதுகுப்பகுதிக்கு, அதாவது ஏராவுக்கு அடியில், மூன்றாவது அடுக்கைக் கட்டுகிறார்கள். அணியத்தைப் பிடித்திருந்த வாரையும் கழற்றியாயிற்று. கடைசியாக ஜாக்கியைச் சுற்றி ஏர்க்காலை இறக்குகிறார்கள். படகு அசையவில்லை. டிரெய்லர் மட்டும் கீழே போகிறது. பின்னால் அரைச் சாண் போல, முன்னால் அதைவிடச் சற்று அதிகமாக இடைவெளி. இன்னும் இரண்டு விரற்கடை போதவில்லை என்றால் டிரெய்லரின் டயர்களில் காற்றை இறக்கிவிடுவார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். கிட்டத்தட்ட ஒரு டன் படகை இரண்டு விரற்கடை உயர்த்தப் பாடுபடுவதைவிட, வண்டியை இரண்டு விரற்கடை தாழ்த்துவது எவ்வளவு எளிது!

இனி டிரெய்லரை முன்னால் இழுக்க வேண்டியதுதான் என்று நினைப்பீர்கள். ஒரு சிக்கல் இருக்கிறது. டிரெய்லரில் குறுக்குச் சட்டங்கள் உண்டு, அச்சும் குறுக்கே போகிறது. முன்னால் இழுத்தால் அவை அணியத்தின் கீழ் நிற்கும் கட்டை அடுக்கில் போய் முட்டும். அதனால் கொஞ்சம் இழுப்பார்கள், நிறுத்துவார்கள். முட்டப்போகும் சட்டத்துக்குப் பின்னால் இன்னோர் அடுக்கைக் கட்டுவார்கள். அது எடையை வாங்கிக்கொண்டதும் பழைய அடுக்கைப் பிரிப்பார்கள். மறுபடி இழுப்பார்கள். புதியது சுமையை ஏற்கும்வரை பழையதைத் தொடக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. எல்லா நேரமும் குறைந்தது மூன்று இடங்களில் படகு தாங்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மூன்று இடங்களையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே விடும் தூக்குக்குண்டு அந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் படகு கவிழும். இதற்குமேல் காவலாக பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள் நிறுத்துவார்கள்.

பட்டறைகளில் அந்தப் பக்கத் தாங்கிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இடப்பக்கத் தாங்கியையும் வலப்பக்கத் தாங்கியையும் படகின் அடியில் சங்கிலியால் இணைத்திருப்பார்கள். ஏன்? படகின் அடி சாய்வாக இருக்கிறது. சாய்ந்த பரப்பு தாங்கியை நேர்கீழாக மட்டும் அமுக்காது. கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் தள்ளும். காற்றடித்துப் படகு லேசாக அசையும்போதெல்லாம் தாங்கி ஒரு மயிரிழை வெளியே நகரப் பார்க்கும். இடப்பக்கம் தள்ளுவதும் வலப்பக்கம் தள்ளுவதும் எதிரெதிர்த் திசை அல்லவா? சங்கிலி இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுச் சமன்செய்துவிடுகிறது.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் படகு நீரில் மிதக்கும்போது அதன் அடியில் 9 சதுர மீட்டர் நனைவதாகக் கொள்வோம். அது 90,000 சதுர சென்டிமீட்டர். 900 கிலோவை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம்தான்! நீர் அவ்வளவு மென்மையாகத் தாங்குகிறது. தாங்குபலகைகளின் மொத்தப் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம். 30-க்கு 30 சென்டிமீட்டர் பலகை வைத்த மூன்று அடுக்குகளில் 333 கிராம். யாராவது அவசரப்பட்டு 5-க்கு 5 சென்டிமீட்டர் கட்டை மூன்றை நட்டு வைத்தால்? சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ! ஃபைபர் ஓடு உள்வாங்கும், விரிசல் விடும். அதனால்தான் அகலமான பலகை வைக்கிறார்கள், அதையும் பின்பலகையின் மூலை, ஏரா போன்ற உறுதியான இடங்களாகப் பார்த்து வைக்கிறார்கள். கட்டை அடுக்கின் கீழும் அகலப் பலகை வேண்டும். மழையில் ஊறிய மண் அழுந்தும். வெயிலில் தார்த்தரையும் இளகும்.

கட்டைக்குப் பதில் வீடு கட்டும் சிமென்ட் கல்லை வைத்தால் என்ன? உள்ளே பொந்து விட்ட கற்களை வைக்கவே கூடாது. சிமென்ட் நேராக அமுக்கினால் தாங்கும். வளைத்தால், இழுத்தால் தாங்காது. எடை ஓர் ஓரத்தில் மட்டும் விழுந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கிவிடும். மரமோ முதலில் முனகும், நசுங்கும், நார் நாராகப் பிரியும். ஓடித் தப்ப நேரம் தரும்.

தப்புவது என்றதும் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் எதன் அடியிலும், அது படகோ காரோ, கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. ஜாக்கி உயர்த்துவதற்கு, தாங்குவதற்குக் கட்டை. பெரியவர்கள் இந்த வேலையைச் செய்யும்போது படகின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கான சோதனையைக் கடைசியில் தருகிறேன். அதை மேசையில் செய்யலாம்.

படகு தனியாக நிற்கிறது. இனி பெயின்ட். சிவப்பாக, நீலமாக எந்த நிறத்தில் இருந்தாலும் இந்தப் பெயின்ட்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் காவல்காரன் செம்பு. இதன் கதை பழையது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தி வெப்பமண்டலக் கடலுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் பார்த்தால், மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அண்டவில்லை. ஆனால் செம்போடு ஒட்டியிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. கடல்நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடும். அதில் ஒரு உலோகம் கரையும், இன்னொன்று தப்பிக்கும். அங்கே கரைந்தது இரும்பு.

1824-இல் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாக்கினார். செம்புத் தகடும் கடல்நீரில் மெல்லக் கரைந்து வீணாகிறதே என்று கடற்படை கவலைப்பட்டது. துத்தநாகமோ இரும்போ ஒரு துண்டைச் செம்போடு சேர்த்து வைத்தால் அது கரைந்து, செம்பைக் காப்பாற்றும் என்று டேவி காட்டினார். அவர் சொன்னது சரி. செம்பு கரையவே இல்லை. ஆனால் கப்பல்கள் ஊர் சுற்றிவிட்டு வந்தபோது அடியெல்லாம் கொட்டலசும் பாசியும்! செம்பு கரைந்தால்தான் அதன் அயனிகள் நீரில் கலந்து குஞ்சுகளை விரட்டும். கரையாத செம்பு அவற்றுக்கு வெறும் சுவர். வெற்றி பெற்ற ஒரு சோதனை தோல்வி அடைந்த கதை இது. அறிவியல் வரலாற்றில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இன்றைய பெயின்ட்கள் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிடும் வகையில் செய்யப்படுவதும் இதனால்தான். படகில் துத்தநாகக் கட்டி ஒன்றும் பொருத்தியிருப்பார்கள். எஞ்சின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவது அதன் வேலை. அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது. அலுமினியப் படகு என்றால் செம்புப் பெயின்ட்டையே கிட்டே கொண்டுவரக் கூடாது. ஏன் என்று 'அலார்ம்' கப்பலின் ஆணிகளை நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் செம்பைவிடக் கடுமையான ஒன்று வந்தது. டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம். 1960-களிலிருந்து உலகம் முழுக்கப் பூசினார்கள். கொட்டலசு ஒழிந்தது, கூடவே மற்ற உயிர்களும் பாதிக்கப்பட்டன. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடுகள் விகாரமாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. சில கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்து, இனம் பெருகாமல் போனது. 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2001-இல் அதைத் தடை செய்ய உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது. செம்பும் விஷம்தான் என்பதை மறக்க வேண்டாம். பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது நீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும், தூள் பறக்கக் கூடாது. முகமூடி, கையுறை கட்டாயம். கீழே தார்ப்பாய் விரித்து, விழும் தூளையெல்லாம் கூட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மழைநீரோடு ஓடை வழியே செசபீக் விரிகுடாவுக்குத்தான் போய்ச் சேரும்.

நம் ஊரிலும் இந்தப் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டுக்கோ நாகப்பட்டினத்துக்கோ போனால், கரையேற்றிய படகுகளின் அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதைப் பார்க்கலாம். எந்தக் கட்டை எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று பாருங்கள்; வேலை செய்கிற அண்ணன்களிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள்.

பெயின்ட் அடிக்கிறவர்கள் முதல் பூச்சை ஒரு நிறத்திலும் மேல்பூச்சை வேறு நிறத்திலும் அடிப்பார்கள். மேல்பூச்சு தேய்ந்து கீழ்நிறம் தெரிந்தால், மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கட்டை அடுக்குகள் மறைக்கும் மூன்று இடங்களுக்கும் பெயின்ட் வேண்டுமே? மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகு, பக்கத்தில் புதிய அடுக்கு கட்டி, பழையதைப் பிரித்து, அங்கே பூசுவார்கள். பிறகு டிரெய்லரைப் பின்னோக்கி நுழைத்து, செய்ததையெல்லாம் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் செய்தால் படகு வண்டி மேல் வந்துவிடும்.

இனி உங்கள் சோதனை. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்து, அதன் 10 சென்டிமீட்டர் கோட்டுக்கு அடியில் ஒரு பென்சிலை வையுங்கள். குட்டையான பக்கத்தின் நுனியில் ஒரு கனமான அழிப்பானை வைத்து, நீளமான பக்கத்தின் நுனியை விரலால் அமுக்குங்கள். விரல் எவ்வளவு இறங்கினால் அழிப்பான் எவ்வளவு உயர்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு பென்சிலை 5 சென்டிமீட்டர் கோட்டுக்கு நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.

அது முடிந்ததும் இந்தக் கணக்கு. படகின் பின்பலகையில், அடியோரமாக ஒரு ஓட்டையும் அதை அடைக்கும் தக்கையும் இருக்கும். வேலை தொடங்குமுன் தக்கையைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். நம் படகுக்காரர் மறந்துவிட்டார். குளிர்காலம் முழுக்கப் பெய்த மழையில் 100 லிட்டர் நீர் படகின் பின்பக்கம், பின்பலகையிலிருந்து 0.3 மீட்டரில் தேங்கி நிற்கிறது. 1 லிட்டர் நீர் 1 கிலோ. அது அச்சுக்கு எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறது? ஏர்க்காலில் இருந்த 72 கிலோ இப்போது எத்தனை கிலோ ஆகும்? 300 லிட்டர் தேங்கியிருந்தால், காரிலிருந்து ஏர்க்காலைக் கழற்றிய அந்தக் கணத்தில் என்ன நடக்கும்?

திருப்புத்திறனை முன்பாரம் தனியாக, பின்பாரம் தனியாக எழுதிப் பாருங்கள்.